பூங்காவில் தனித்து நிற்கும் இலுப்பை

கும்பகோணத்தில் உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காவில் நிற்கும் ஒரு பெரிய மரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாசியில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றதாம். பட்டுப்போய்விட்டது என்று நடக்க வருபவர்கள் பேசிக்கொண்டார்களாம். பங்குனி பிறந்ததும் கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாகப் பூ, அதன் பின்னாலேயே செம்பு நிறத்தில் தளிர். விடியற்காலையில் போனால் ஆலங்கட்டி மழை பெய்ததுபோல் தரையெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது என்றும், காட்டுச் சப்போட்டா என்று ஒருவரும் மகிழமரம் என்று இன்னொருவரும் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். இது என்ன மரம், ஏன் வேறெங்கும் கண்ணில் படுவதில்லை, வயது எவ்வளவு இருக்கும், இரவில் வௌவால் வருவதால் கிளைகளை வெட்டச் சொல்கிறார்களே, வெட்டலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

படத்தைப் பார்த்தவுடனே மரம் தெரிந்துவிட்டது. ஆனாலும் நேரில் பார்க்காமல் பதில் எழுத மனம் வரவில்லை. போன வாரம் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, ஐந்தரை மணிக்கு அந்த மரத்தடியில் நின்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இப்படி ஒரு மரம் நகரத்தின் நடுவே நிற்பதைப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

அது இலுப்பை.

சப்போட்டா என்றவரும் மகிழம் என்றவரும் முழுத் தவறாகச் சொல்லவில்லை. மூன்றும் ஒரே குடும்பத்து மரங்கள். நம் பக்கத்து உலக்கைப் பாலையும் அந்தக் குடும்பம்தான். இலையைக் கிள்ளினால் பால் வடிவது இவற்றுக்குப் பொது. இலுப்பையை அடையாளம் காண இலை அடுக்கைப் பாருங்கள். கிளை நெடுக இலை இருக்காது. குச்சியின் நுனியில் மட்டும், குடை விரித்ததுபோல் நெருக்கமாகக் கூடியிருக்கும். இலை நீண்டு ஒடுங்கி, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். பட்டை கறுத்து, நீளவாக்கில் வெடித்துக் கிடக்கும்.

பூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தரையில் கிடக்கும் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இதழ் விரிந்த மலராக இருக்காது. திராட்சையளவில், சந்தன வெள்ளை நிறத்தில், சதைப்பற்றான ஒரு குமிழ். விரலால் அழுத்தினால் ஒட்டும் சாறு வரும். அடியைத் திருப்பினால் நடுவில் சுத்தமாக ஒரு துளை தெரியும். ஊசியே இல்லாமல் ஈர்க்குச்சியில் கோத்துவிடலாம். சிறுவயதில் நாங்கள் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மாலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்போம்.

அந்தத் துளை எப்படி வந்தது என்பதில்தான் இந்த மரத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. மொட்டு விரிவதற்கு முன்பே அதன் நடுவிலிருந்து சூல்தண்டு மட்டும் ஒரு நூல்போல வெளியே நீண்டுவிடுகிறது. தன் மகரந்தம் முதிர்வதற்கு முன்னால் பிற பூக்களிலிருந்து வரும் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. பிறகுதான் இதழ்க்குழல் முதிர்கிறது. மகரந்தப் பைகள் அந்தக் குழலின் உட்சுவரிலேயே ஒட்டியிருக்கின்றன. வேலை முடிந்ததும் குழல் மகரந்தப் பைகளோடு மொத்தமாகக் கழன்று, சூல்தண்டின் வழியே நழுவி விழுகிறது. தண்டு நின்ற இடம்தான் அந்தத் துளை. மேலே அண்ணாந்து பார்த்தால், துரு நிறப் புல்லிவட்டத்திலிருந்து நூல் நூலாகச் சூல்தண்டுகள் மட்டும் தொங்குவது தெரியும். நாளைய காய் அங்கே இருக்கிறது. தரையில் கிடப்பது, மரம் தனக்கு இனி வேண்டாம் என்று விட்டது. நீங்கள் எவ்வளவு பொறுக்கினாலும் மரத்துக்கு ஒரு காய்கூடக் குறையாது.

அகநானூற்றுப் புலவர் ஒருவர் இந்தப் பூவைத் தந்தத்தில் கடைந்தெடுத்ததுபோல் இருக்கிறது என்கிறார். அந்த மரத்தின் தளிரைச் செந்தளிர் என்கிறார். அன்றைக்கு இதன் பெயர் இருப்பை. தந்தம் என்ற சொல்லை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அன்று காலை கையில் ஒன்றை வைத்துக்கொண்டு, கிழக்கே வெளிச்சம் வரும் பக்கம் திருப்பிப் பார்த்தபோது அந்த மங்கிய வெண்மைக்கு வேறு சொல் இல்லை என்று தோன்றியது. சங்கப் பாடல்களில் கரடி இந்தப் பூவைத் தின்ன வருகிறது. நற்றிணையில் ஒரு வௌவால் வேப்பம்பழம் சலித்துப்போய் இலுப்பைப் பழத்துக்கு ஏங்கிப் பனியில் கிடக்கிறது. உங்கள் தெருக்காரர்கள் இன்று புகார் சொல்லும் அதே வௌவால்தான். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

பூ விழும் ஓசையை நீங்கள் குறிப்பிடவில்லை. கவனித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை ஐந்தரைக்கு முன்னால் போய், யாரும் பேசாத நேரத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சருகின் மேல் விழுந்தால் ஒரு சத்தம், சிமெண்டுக் கல்லின் மேல் விழுந்தால் வேறு சத்தம். பொட்டு, பொட்டு என்று இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொடங்கி, வெளுக்கும் நேரத்தில் இடைவிடாமல் கேட்கும். வெயில் ஏறினால் நின்றுபோகும். வாசனை எல்லோருக்கும் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மல்லிகைபோல் மணக்காது, புளிக்கத் தொடங்கிய பழமும் வெல்லப்பாகும் கலந்த ஒரு கனத்த வாடை. எனக்கு அது பள்ளி விடுமுறை தொடங்கும் வாசனை.

பூவைத் தின்னலாமா என்று கேட்டிருந்தீர்கள். தின்னலாம், ஆனால் பூங்காத் தரையில் கிடப்பது வேண்டாம். காரணம் வௌவால். மரத்தடியில் சுத்தமான துணியை விரித்து விழுந்ததை எடுத்தாலும், பல் பட்டதை ஒதுக்கி, நன்றாகக் கழுவிக் காயவைத்து, வறுத்துத்தான் உண்ண வேண்டும். காய்ந்த பூவின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. எங்கள் வீட்டில் வெயிலில் காயவைத்து, உலர்ந்த திராட்சைபோல் பழுப்பாகச் சுருங்கியதும் வாணலியில் வறுத்து, எள்ளோடு சேர்த்து உரலில் இடித்து உருண்டை பிடிப்பார்கள். ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை’ என்ற பழமொழியை நாம் இன்று, நல்லது கிடைக்காத இடத்தில் மட்டமானது பெரிதாகத் தெரியும் என்ற பொருளில் சொல்கிறோம். ஆலை என்றால் கரும்பு ஆலை. கரும்பு விளைந்த காவிரிக்கரையில் இருந்துகொண்டு சொன்ன பேச்சு அது. தண்ணீர் எட்டாத மேட்டு நிலத்தில், எந்தப் பாசனமும் கேட்காமல் கோடை தொடங்கும் நேரத்தில் சர்க்கரையைக் கொட்டிக்கொடுத்த மரத்தை இப்படி இரண்டாம்தரமாக்கியதில் எனக்கு எப்போதுமே வருத்தம் உண்டு.

வட இந்தியாவில் மகுவா என்று சொல்வதும் இதே மரத்தின் ஒரு வகைதான். அங்கே இலை அகலம், நம் இலுப்பைக்கு இலை ஒடுக்கம். நடு இந்தியாவின் பழங்குடி மக்களுக்கு அந்தப் பூ உணவும் மதுவும் ஆகும். அந்த மதுவைக் கட்டுப்படுத்த, 1892இல் பம்பாய் மாகாணத்தில் பூவைச் சேகரிப்பதற்கே தனிச் சட்டம் போட்டார்கள். நம் பக்கத்தில் கதை வேறு. இங்கே இலுப்பை என்றால் முதலில் எண்ணெய். அதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் இருக்கிறது.

பூத்த இரண்டு மூன்று மாதங்களில் காய் முதிர்ந்து, ஆனி ஆடியில் பழம் விழும். உள்ளே பழுப்பு நிறத்தில், பளபளவென்று, சப்போட்டா விதையை நீட்டிவிட்டதுபோல் ஒன்றிரண்டு கொட்டைகள். கொட்டையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் வரும். செக்கில் ஆட்டி எடுத்தால் மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். மார்கழிக் குளிரில் நெய்போல் உறைந்துவிடும். மின்சாரமும் மண்ணெண்ணெயும் வருவதற்கு முன்னால் நம் கோயில் விளக்குகளில் இந்த எண்ணெயும் எரிந்தது. அதற்காகவே கோயிலுக்கென்று இலுப்பைத் தோப்பு வைத்தார்கள். ஆடியில் பொறுக்கிய கொட்டை அடுத்த ஆடி வரை திருவிளக்கு எரிக்க வேண்டும். எத்தனை தோப்பு வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மரம் முதிர்ந்து விழுந்தால் அதுவும் வீணாகாது. இரும்புபோல் கனத்த கட்டை. தேர் செய்யும் ஆசாரிகள் தேடி வாங்கும் மரங்களில் ஒன்று.

எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கும் பயன்பட்டது. மாடு தின்னாது, கசக்கும். ஆனால் அதில் நுரைக்கும் பொருள் ஒன்று இருக்கிறது, சபோனின். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது தலைக்குத் தேய்க்கும் அரப்பாக அதைப் பயன்படுத்தினார்கள். என் பாட்டி சனிக்கிழமை எங்களை வரிசையாக உட்காரவைத்துத் தேய்ப்பார்; கண்ணில் பட்டால் உயிர் போய்விடும். மீன் வளர்ப்பவர்கள் இன்றைக்கும் இந்தப் பிண்ணாக்கை வாங்குகிறார்கள். குஞ்சு விடுவதற்கு முன்னால் குளத்தில் கரைத்தால், விரால், கெளுத்தி போன்ற பிற மீன்களின் செவுளைத் தாக்கிக் கொன்றுவிடும். சில வாரங்களில் அந்த நஞ்சு முறிந்து குளத்துக்கு உரமாகிவிடும். வயலிலும் வேப்பம் பிண்ணாக்கோடு சேர்த்துப் போடுவார்கள்.

இத்தனை வேலை செய்த மரம் ஏன் காணாமல் போனது? விளக்கு மாறியது; அதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். எண்ணெய்க்குத் தேவை குறைந்தவுடன் தோப்புக்குக் காவல் போனது. தோப்பு நிலம் மேடாகவும் ஊருக்கு அருகிலும் இருந்ததால் தென்னை வைக்கவும் மனை போடவும் வசதியாக இருந்தது. வெட்டியவர் உடனே நட்டிருந்தாலும் பத்து ஆண்டு காத்திருந்தால்தான் பூ. அவ்வளவு பொறுமை யாருக்கும் இல்லை. விதையின் குணமும் உதவவில்லை. பருத்தி விதைபோல் எடுத்து வைத்து அடுத்த ஆண்டு போட முடியாது. பழத்திலிருந்து எடுத்த சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடும். மரத்தடியில் ஈர மண்ணும் சருகும் இருந்து, ஆடு மேயாமல் இருந்தால்தான் தானாக முளைக்கும். நம் ஊர்களில் இப்போது அப்படி எந்த மரத்தடி இருக்கிறது?

மயிலாடுதுறைப் பக்கம் மண்ணியாற்றங்கரையில் இலுப்பைப்பட்டு என்று ஓர் ஊர் உண்டு. சுந்தரர் பாடிய திருப்பழமண்ணிப்படிக்கரை அதுதான், தலமரம் இலுப்பை. புதுக்கோட்டைப் பக்கம் இலுப்பூர் இருக்கிறது. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லை மரத்தையே இன்று காடாகப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ஊர்ப் பெயரில் மட்டும் மரம் மிஞ்சுவது நம் பக்கத்தில் புதிதல்ல. நான் பிறந்த ஊரில், என் பத்தாவது வயதில், குளக்கரையில் நாற்பதுக்கு மேல் இலுப்பைகள் நின்றன. கல்லூரிக்குப் போய் முதல் ஆண்டு விடுமுறையில் திரும்பி வந்தபோது ஒன்றுகூட இல்லை. யார் ஏலம் விட்டார்கள், யார் எடுத்தார்கள் என்பது இப்போது முக்கியமில்லை. குளக்கரையில் வரிசையாக அடிக்கட்டைகள் இருந்தன. வெட்டு வாயில் பால் வடிந்து, பிசினாகக் கறுத்து, அதில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. தாவரவியல் படிப்பது என்று நான் உறுதி செய்தது அந்த விடுமுறையில்தான்.

இதன் அறிவியல் பெயர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் டெல்டாக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு சேதி அதில் இருக்கிறது. 1768இல் தரங்கம்பாடிக்கு ஒரு மருத்துவர் வந்து சேர்ந்தார். பெயர் யோகான் கெர்ஹார்ட் கோனிக். உலகத்துச் செடிகொடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர். 1620இலிருந்து டேனியர் கையிலிருந்த தரங்கம்பாடியில், அங்கிருந்த மிஷனுக்கு மருத்துவம் பார்க்க வந்தவர், ஓய்வு நேரமெல்லாம் இந்தப் பக்கத்துச் செடிகளைப் பறித்து உலர்த்திக் குறிப்பெழுதி ஆசிரியருக்கு அனுப்பினார். அப்படிப் போனதில் இலுப்பையும் ஒன்று. 1771இல் லின்னேயஸ் அதை அச்சில் வெளியிட்டார். இத்தாலியின் பொலோனா நகரத் தாவரத் தோட்டத்தைக் கவனித்துவந்த பாசி என்பவரின் நினைவாக ‘பாசியா’ என்றும், நீண்ட இலை உடையது என்பதால் ‘லாங்கிஃபோலியா’ என்றும் பெயர். அந்த முதற்பெயர் 1766லேயே வேறொரு செடிக்குச் சூட்டப்பட்டிருந்தது தெரியவந்து, பிற்காலத்தில் அது கைவிடப்பட்டது. இனிப்பைக் குறிக்கும் ‘மது’ என்ற சொல்லை ஒட்டிய ‘மதுகா’ அந்த இடத்துக்கு வந்தது. இன்று மதுகா லாங்கிஃபோலியா என்று எந்த நூலில் முறையாக எழுதினாலும் அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் கோனிக்கின் பெயர் வரும். கும்பகோணத்திலிருந்து ஒரு காலைப் பயணத்தில் போய்வரக்கூடிய கடற்கரையில் இருந்துகொண்டு இந்த மரத்தை உலகத்துக்கு அறிவித்தவர் அவர். 1785இல் ஆந்திரக் கரையில் காலமானார், ஊர் திரும்பவில்லை.

வயதுக்கு வருகிறேன். இருநூறு என்று ஒருவரும் ஐந்நூறு என்று இன்னொருவரும் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இரண்டையும் நம்ப வேண்டாம். குளிர்நாட்டு மரங்களில் ஆண்டுக்கு ஒரு வளையம் தெளிவாக விழும். நம் வெப்பப் பகுதி மரங்கள் பலவற்றில் அப்படித் தெளிவாக விழாது. சுற்றளவை வைத்து வயது சொல்வதும் ஊகம்தான். ஆற்றுவண்டலில் நிற்கும் மரமும் செம்மண் மேட்டில் நிற்கும் மரமும் ஒரே வேகத்தில் பருப்பதில்லை. வயதுக்குப் பதிலாகச் சுற்றளவையே எழுதி வையுங்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நம் நெஞ்சுயரத்தில், அளவுநாடாவைத் தொய்வில்லாமல் சுற்றி அளந்து, தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே இடத்தில் அளந்தால் இந்த மரம் இந்த மண்ணில் எவ்வளவு வேகத்தில் பருக்கிறது என்பது தெரியும். அதற்குப் பிறகு பேசினால் அந்தப் பேச்சுக்கு அடிப்படை இருக்கும். அன்று என்னிடம் அளவுநாடா இல்லை. நானும் பூங்காக் காவலரும் நடக்க வந்த ஒரு பள்ளி மாணவனும் கைகோத்து மரத்தைச் சுற்றி நின்றோம். அப்போதும் ஒரு முழம் எட்டவில்லை. அந்தப் பையன் பட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, ‘சார், சில்லென்று இருக்கிறது’ என்றான். காவலர் பதினெட்டு ஆண்டுகளாக இதன் கீழே உட்கார்ந்திருக்கிறார். பெயர் அன்றுதான் தெரியும் என்றார்.

இனி வௌவால். இலுப்பை இரவுக்காகப் பூக்கும் மரம். வெளிர் நிறம், கனத்த வாடை, கிளை நுனியில் இலைக்கு வெளியே தொங்கும் கொத்து, இவையெல்லாம் இருட்டில் பறந்து வருபவர்களுக்காக. பழந்தின்னி வௌவால் வந்து இதழ்க்குழலைக் கவ்வும்போது அதன் முகத்தில் ஒட்டும் மகரந்தம் அடுத்த கொத்தின் சூல்தண்டுக்குப் போகிறது. பழக்காலத்தில் அதே வௌவால் பழத்தைத் தூக்கிக்கொண்டு வேறொரு மரத்துக்குப் போய்ச் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போடுகிறது. கொட்டை பெரிது, அதைத் தொலைவுக்குத் தூக்கிப் போகக்கூடியவர்கள் நம் ஊரில் வேறு அதிகம் இல்லை. வௌவாலுக்காகத் தீபாவளியன்று வெடி வெடிக்காத கிராமங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன.

தெருக்காரர்களின் அச்சத்தையும் நான் தள்ளிவிடவில்லை. வௌவாலிலிருந்து பரவும் நிபா வைரஸின் பெயரைக் கேட்டவர்கள் அஞ்சத்தான் செய்வார்கள். வௌவால் கடித்த பழத்தை உண்ணாதிருப்பது, பூங்காவில் விழுந்ததைக் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்வது, இறந்த வௌவாலை வெறும் கையால் தொடாதிருப்பது, கை கழுவுவது, இவற்றைச் செய்தால் போதும். கிளையை வெட்டினால் வௌவால் ஊரை விட்டுப் போய்விடாது. அடுத்த தெருவின் கொய்யாவுக்கோ வாதாமரத்துக்கோ போகும். உங்கள் படத்தில் பகலில் கிளையில் தொங்கும் கூட்டம் எதுவும் இல்லை. நேரிலும் பார்க்கவில்லை. அவை இரவில் வந்து உண்டுவிட்டுப் போகின்றன, அதுவும் பூக்கும் சில வாரங்கள், பழுக்கும் சில வாரங்கள் மட்டும். கீழே நிறுத்தும் வண்டிகளின் மேல் பூவும் எச்சமும் ஒட்டுவதுதான் உண்மையான தொல்லை என்றால், அந்த நாட்களில் வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்தலாம்.

உண்மையில் அந்த மரத்துக்கு ஆபத்து வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. இரண்டையும் அன்று கண்ணால் பார்த்தேன்.

ஒன்று, தெற்குப் பக்கக் கிளையில் புல்லுருவி. இலுப்பை தளிர்விட்டு வரும்போது அந்த ஒரு கிளையில் மட்டும் தடித்த, சாம்பல் பச்சை இலைகள் தெரிகின்றன அல்லவா, அது இலுப்பையின் இலை இல்லை. அதன் பழத்தைத் தின்னும் சிறு குருவி, பிசுபிசுப்பான விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். விதை அங்கேயே முளைத்து, மரத்தின் நீரை உறிஞ்சி வளரும். இலுப்பையில் புல்லுருவி ஏறுவது வழக்கம். கவனிக்காமல் விட்டால் கிளை கிளையாகக் காய்ந்துவரும். மேலே தெரியும் இலையை மட்டும் பறித்தால் மறுபடி துளிர்க்கும். அது ஒட்டியிருக்கும் இடத்துக்கு ஒரு முழம் உள்ளே தள்ளி, அந்தச் சிறு கிளையோடு சேர்த்து அறுக்க வேண்டும், பழுப்பதற்கு முன்னால். வெட்டியே ஆக வேண்டும் என்று கேட்பவர்களிடம் இதைக் காட்டுங்கள். மரம் ஏறத் தெரிந்த ஆளைக் கொண்டு இதையும் காய்ந்த குச்சிகளையும் மட்டும் எடுத்தால் போதும். தொடையளவு கிளைகளை அறுத்தால் வெட்டு வாய் மூடப் பல ஆண்டு ஆகும். அதற்குள் மழைநீர் இறங்கி நடுத்தண்டு சொத்தையாகும். சொத்தையான மரம்தான் புயலில் விழும். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய மறுவாரம் அந்தப் பக்கத்துச் சாலைகளில் விழுந்துகிடந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு போனேன். முறிந்த இடத்தில் பழைய வெட்டுக்காயமும் அதைச் சுற்றிச் சொத்தையும் இருந்த மரங்கள் நிறைய.

இரண்டாவது, அடிமரத்தை ஒட்டிப் பதித்திருக்கும் சிமெண்டுக் கல். பூங்கா சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் போட்டதுதான். ஆனால் வேருக்குக் காற்றும் வேண்டும், மழையும் வேண்டும். வடகிழக்குப் பக்கத்தில் வேர் ஒன்று கல்லைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது, பார்த்திருப்பீர்கள். மரத்தைச் சுற்றி எட்டடிக்காவது கல்லைப் பெயர்த்து மண்ணாக விடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் மேடை கட்டி மண்ணை நிரப்பவும் கூடாது. அடிமரம் புதைந்தால் அழுகும். அதன் சருகு அதன் அடியிலேயே கிடக்கட்டும். சருகைக் கூட்டி மரத்தடியில் கொளுத்தும் வழக்கம் அங்கே இருக்கிறது என்று பட்டையின் கருக்கலைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். காவலரிடம் சொன்னேன். மறுப்புச் சொல்லாமல் தலையாட்டினார். உடனே எழுந்து போய், குவித்திருந்த சருகைத் தள்ளி வேலியோரம் போட்டார்.

மனு எழுதுவதாக இருந்தால் வௌவாலைப் பற்றிய வாதத்தை முதலில் வைக்காதீர்கள். மரத்தின் பெயரையும் சுற்றளவையும் முதல் வரியில் எழுதுங்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு இலுப்பை எத்தனை இருக்கிறது என்று நீங்களே நடந்து எண்ணி, அந்த எண்ணிக்கையை இரண்டாவது வரியில் எழுதுங்கள். படம் இரண்டு இணையுங்கள், ஒன்று பூவோடு, ஒன்று மரத்தருகே ஓர் ஆள் நிற்பதாக. பெயர் தெரியாத மரத்தை வெட்டச் சொல்வது எளிது. பெயரும் அளவும் எழுதிய காகிதம் கையில் இருக்கும்போது கையெழுத்துப் போடுபவர் ஒரு நிமிடமாவது நிறுத்தி யோசிப்பார்.

கடைசியாகக் கன்று. நாற்றங்காலில் இலுப்பைக் கன்று கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். விதை தங்காது என்பதால் பலர் போடுவதில்லை. ஆடியில் உங்கள் மரத்தடியிலேயே விழுந்த புதுப்பழத்தை, வெடிக்காததாகவும் பல் படாததாகவும் பார்த்து, கையுறை போட்டுப் பொறுக்குங்கள். சதையைக் கழுவி நீக்கி, நிழலில் ஒரு நாள் உலர்த்தி, அந்த வாரத்திலேயே மண், மணல், தொழுவுரம் கலந்த பையில் ஒரு விரல் ஆழத்தில் படுக்கவைத்து ஊன்றுங்கள். பை நீளமாக இருக்கட்டும். ஆணிவேர் வேகமாக இறங்கும், பை குட்டையாக இருந்தால் சுருண்டுகொள்ளும். அடுத்த புரட்டாசி, ஐப்பசி மழையில் நிலத்துக்கு மாற்றலாம். இரண்டு ஆண்டு ஆடு, மாட்டிலிருந்து காக்க வேண்டும். அதற்குப் பிறகு அது தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

பழக்காலத்தில் நானும் வருகிறேன். இந்த முறை அளவுநாடாவும் நாற்பது பைகளும் கொண்டுவருவேன். அந்தப் பையனையும் வரச் சொல்லியிருக்கிறேன். தன் பள்ளியின் பின்சுவரோரம் இடம் இருக்கிறது என்றான். தலைமையாசிரியரிடம் கேட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறான்.